ஜெட்ஸ் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்: ஆரன் க்ளென்னுக்குக் காலம் கொடுங்கள்

நியூ ஜெர்சி, ஜனவரி 2025

மதிப்பிற்குரிய திரு. வுடி ஜான்சன் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ யார்க் ஜெட்ஸுக்கு ஆரன் க்ளென்னைத் தலைமைப் பயிற்சியாளராகவும், டேரன் மூகியை, வீரர்களைச் சேர்க்கும் பொறுப்புள்ள ஜெனரல் மேனேஜராகவும் அமர்த்தியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இவர்கள் தோற்கத் தொடங்கும் முதல் அக்டோபரில் இவர்களை அனுப்பிவிடாதீர்கள். தோற்கத்தான் செய்வார்கள். 5 வெற்றி, 12 தோல்வி என்று முடித்த அணியை வாங்கிக்கொண்டவர்கள் முதல் வருடமே வெற்றியாகக் குவித்துவிட முடியாது. அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் எங்கள் கவலை.

நாங்கள் என்றால், ஜெட்ஸ் ஆடும் மெட்லைஃப் ஸ்டேடியத்துக்கு அரை மணி, முக்கால் மணி தூரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்தவர்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து இந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், கூட உட்கார்ந்து பார்க்கப் போய் நாங்களும் ஒட்டிக்கொண்டோம். ஞாயிறு மதியம் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பச்சைச் சட்டையோடு டிவி முன் உட்காரும் வீடுகள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு. அந்த வீடுகளில் பேசும் மொழியிலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் அதிகம் பழக்கமில்லாமல் இதைப் படிக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்எஃப்எல் என்கிற இந்த லீகில் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் சீசனில் 17 ஆட்டம். 14 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியே போகும் கோப்பைச் சுற்றுக்கு, போகும். கடைசியில் வந்த அணிக்கு அடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பு, அதாவது கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களில் தனக்குப் பிடித்தவரை அதுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். வீரர்களின் சம்பளத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு, அதனால் பணம் படைத்தவர் பணத்தைக் கொட்டி ஆள் சேர்த்துவிட முடியாது. விழுந்தவனைத் தூக்கிவிடுவதற்கென்றே விதிகளை எழுதிவைத்திருக்கும் லீக் இது. இப்படிப்பட்ட இடத்தில் ஜெட்ஸ் கடைசியாகப் பிளேஆஃப் ஆடியது 2010 சீசனில். 2011 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் 24-19 என்று தோற்று, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால் நின்றுபோனது. அந்த மாதம் பிறந்த குழந்தைக்கு இப்போது பதினான்கு வயது. இன்று இந்த லீகில் வேறு எந்த அணியும் இவ்வளவு காலம் பிளேஆஃபுக்கு வெளியே நிற்கவில்லை. துரதிர்ஷ்டம் என்றால் ஒரு வருடம் வரும், இரண்டு வருடம் வரும். தொடர்ந்து பதினான்கு சீசன் வராது.

முடிந்துபோன 2024 சீசனையே எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து ஆட்டங்களில் 2 வெற்றி, 3 தோல்வி. டென்வரிடம் தோற்றது 10-9. க்ரெக் ஸுர்லைன் கடைசியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்த 50 கெஜ ஃபீல்டு கோல் உள்ளே போயிருந்தால் அது வெற்றி. லண்டனில் மினசோட்டாவிடம் 23-17, அதுவும் கடைசி நிமிடம்வரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆட்டம். அது அக்டோபர் 6, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சலா பதவியில் இல்லை. 2000இல் 63.5 கோடி டாலருக்கு அணியை வாங்கிய நீங்கள், சீசன் நடுவில் ஒரு தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுதான் முதல் தடவை. ஜெட்ஸ் இதுவரை சேர்த்த அணிகளில் மிகத் திறமையானவற்றில் இது ஒன்று, அதனால்தான் இப்போதே மாற்றுகிறேன் என்று அன்று விளக்கம் சொன்னீர்கள். பிரிவில் முதலிடத்தில் இருந்த பஃபலோவுக்கும் நமக்கும் அன்று ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம். அடுத்த ஆட்டமும் அவர்களோடுதான்.

சலாவிடம் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. அவர் காலத்துக் கணக்கு 20 வெற்றி, 36 தோல்வி. 2022இல் 7-4 (7 வெற்றி, 4 தோல்வி) என்று நன்றாகத் தொடங்கிய அணி அப்புறம் ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றதையும் நாங்கள் மறக்கவில்லை. சீசன் முடிந்ததும் அவரை அனுப்பியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தோடு அவரை எடுத்ததில் அணிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். சலா டிஃபன்ஸில், அதாவது எதிரணியைத் தடுக்கும் பிரிவில், வளர்ந்த மனிதர், அந்த அணியின் பலமும் டிஃபன்ஸ்தான். அவர் இருந்த ஐந்து ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்த புள்ளிகள் மொத்தம் 85, ஆட்டத்துக்கு 17. அவர் போன பிறகு பன்னிரண்டு ஆட்டங்களில் 319, ஆட்டத்துக்கு 26க்கும் மேல். வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். டிஃபன்ஸைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெஃப் உல்பிரிக்கைத் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியதும் ஒரே மனிதர் தலையில் இரண்டு வேலை விழுந்தது. அந்தப் பக்கம் புள்ளி எடுக்கும் பிரிவான அஃபன்ஸில், அடுத்து எப்படி ஆடுவது என்று சொல்லும் பொறுப்பு நதானியல் ஹேக்கெட்டிடமிருந்து டாட் டௌனிங்குக்குப் போனது. ஒரு வாரத்தில் அணியின் மூன்று முக்கியமான நாற்காலிகள் மாறின. நவம்பர் 19இல் ஜெனரல் மேனேஜர் ஜோ டக்ளஸும் போனார். உல்பிரிக் தலைமையில் 3 வெற்றி, 9 தோல்வி.

அந்த அணி ஒன்றுக்கும் உதவாத அணி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு தோல்விகளில் ஏழு, 6 புள்ளிக்குள் முடிந்தவை. பஃபலோவிடம் 23-20, நியூ இங்கிலாந்திடம் 25-22, இண்டியானாபொலிஸிடம் 28-27, சியாட்டிலிடம் 26-21, மயாமியிடம் கூடுதல் நேரத்தில் 32-26. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், கடிகாரத்தை எப்படி ஓட்ட வேண்டும், யார் குரலைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கத்தைத்தான் அக்டோபரில் கலைத்தீர்கள்.

அதே 2024இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் நவம்பர் தொடக்கத்தில் டென்னிஸ் ஆலனை நீக்கியது. சிகாகோ பேர்ஸ் நவம்பர் கடைசியில் மேட் இபர்ஃப்ளூஸை நீக்கியது. சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகள் ஜெட்ஸையும் சேர்த்து மூன்று. மூன்றும் முடித்தது 5-12இல்.

இனி கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இந்த மாதம் அதை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் அதில் ஆரன் க்ளென் இருக்கிறார்.

1994 டிராஃப்டில் 12வது ஆளாக ஜெட்ஸ் அவரை எடுத்தது. அன்றைய தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல், அவருக்கும் அது முதல் வருடம். அணி 6-5 என்று இருந்தபோது மயாமி வந்தது. மயாமியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டான் மரினோ பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப்போவது போல் சைகை காட்டிவிட்டு, திடீரென்று மார்க் இங்க்ரமுக்கு எறிந்து, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச் டவுன் எடுத்த ஆட்டம் அது. இங்க்ரமைக் காத்து நின்ற புதுமுகம் க்ளென்தான். 28-24 என்று அந்த ஆட்டம் போனது, மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களும் கூடவே போயின. ஒரே சீசனில் கேரலை அனுப்பினார் அப்போதைய உரிமையாளர் லியன் ஹெஸ். தனக்கு எண்பது வயதாகிவிட்டது, பலன் இப்போதே வேண்டும் என்று சொல்லி ரிச் கோட்டைட்டைக் கொண்டுவந்தார். கோட்டைட்டின் இரண்டு வருடத்தில் 4 வெற்றி, 28 தோல்வி. அனுப்பப்பட்ட கேரலோ பல வருடம் கழித்து சியாட்டிலுக்கு சூப்பர் பௌல் வென்று கொடுத்தார். 2014 பிப்ரவரியில் அந்த இறுதி ஆட்டம் நடந்த இடம் நம்முடைய மெட்லைஃப் ஸ்டேடியம். அவரை ஒரு வருடம்கூடப் பொறுத்துப் பார்க்காத அணியின் வீட்டிலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஹெஸ் கெட்டவர் இல்லை. அணி மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த அன்புதான் அவரை அவசரப்படுத்தியது. உங்களுக்கு இப்போது 77 வயது. 1969 ஜனவரியில் நம் குவாட்டர்பேக் ஜோ நேமத் வெல்வோம் என்று சொன்னபடியே பால்டிமோரை 16-7 என்று வென்ற அந்த ஒரே ஒரு சூப்பர் பௌலுக்குப் பிறகு இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்கு இருக்கும் ஆசை எங்களுக்குப் புரியாமல் இல்லை. எங்களுக்கும் அதே ஆசைதான். 2023இல் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை அழைத்து வந்ததும் அந்த ஆசையில்தானே? அவர் வந்தார், அவருக்குப் பழகிய ஹேக்கெட் வந்தார், கூட ஆடிய நண்பர்கள் வந்தார்கள். முதல் ஆட்டத்தில் நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே ராட்ஜர்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் நாற்பது வயதை நெருங்கிய ஒரே மனிதரின் காலை நம்பி அணி முழுவதையும் கட்டியது நம் முடிவு. இந்த சீசனில் 28 டச் டவுன் எறிந்தார், வயதுக்கு அது நல்ல கணக்குதான். அப்படியும் 5-12. அடுத்த வருடம் அவர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை க்ளென்னும் மூகியும் சொல்லட்டும்.

பதினான்கு வருடச் சரிவுக்குக் காரணம் என்று நான் நினைப்பது இன்னொன்று உண்டு. பயிற்சியாளரும் ஜெனரல் மேனேஜரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே திட்டத்தோடு, சேர்ந்து வேலை செய்த காலம் மிகவும் குறைவு. 2013இல் ஜெனரல் மேனேஜராக ஜான் இட்சிக் வந்தபோது பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். 2019 மே மாதம், டிராஃப்ட் முடிந்து வீரர்களை ஒப்பந்தம் செய்து பணமெல்லாம் செலவழித்த பிறகு, ஜெனரல் மேனேஜர் மைக் மக்காக்னன் நீக்கப்பட்டார். நீங்கள் அப்போது லண்டனில் தூதர், நிர்வாகம் உங்கள் தம்பி கையில். அடுத்து வந்த டக்ளஸுக்கு ஆடம் கேஸ் என்ற பயிற்சியாளர் கூடவே கிடைத்தார், அவர் தேர்ந்தெடுத்தவர் அல்ல. ஒருவர் வாங்கிய காய்கறியில் இன்னொருவர் சமைத்து, அதை மூன்றாமவர் பரிமாறுவதாகவே இருந்தது நம் அணி. விதிவிலக்கு 2015. பயிற்சியாளர் டாட் பௌல்ஸும் மக்காக்னனும் ஒரே மாதத்தில் வந்தார்கள், முதல் வருடமே 10-6. கடைசி ஆட்டத்தில் பஃபலோவிடம் 22-17 என்று தோற்றதால்தான் பிளேஆஃப் வாய்ப்பு நழுவியது, அதுவும் நாம் அனுப்பிய ரெக்ஸ் ரயன் எதிர்ப்பக்கம் பயிற்சியாளராக நின்ற ஆட்டம். பௌல்ஸ் இப்போது டாம்பா பேயில் மூன்று வருடமாகத் தொடர்ந்து பிரிவை வென்றுகொண்டிருக்கிறார்.

நம் பழைய குவாட்டர்பேக் சாம் டார்னல்டை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம். 2018இல் மூன்றாவது ஆளாக எடுத்தபோது அவருக்கு 21 வயது. மூன்று வருடத்துக்குள் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். அப்புறம் போகட்டும் என்று கரோலைனாவுக்குக் கொடுத்துவிட்டோம். லண்டனில் சலாவின் கடைசி ஆட்டத்தில் எதிரணியின் குவாட்டர்பேக் அதே டார்னல்ட்தான். அந்த சீசனில் மினசோட்டா 14 ஆட்டம் வென்றது. இன்னொரு குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தும் நம்மிடமிருந்து போனவர், 2022இல் சியாட்டிலில் மீண்டெழுந்த வீரருக்கான விருது வாங்கினார். இவர்கள் எல்லோரும் இங்கே இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. இங்கே யாருமே கற்றுக்கொண்டு முடிக்கும்வரை இருப்பதில்லை, அதுதான் என் வருத்தம்.

இப்போது க்ளென் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். டெட்ராய்ட் லயன்ஸ் என்றால் பல காலம் நம்மைவிடப் பெரிய சோகம். 2021இல் டான் கேம்ப்பெல் தலைமைப் பயிற்சியாளராகவும் க்ளென் டிஃபன்ஸ் பொறுப்பாளராகவும் சேர்ந்தார்கள். முதல் பதினோரு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. 10 தோல்வி, ஒரு சமன். வருடம் முடிந்தது 3-13-1. அடுத்த வருடம் அக்டோபரில் 1-5. அந்த நேரத்தில் அணியின் உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹேம்ப், யாரும் கேட்காமல் தானே பயிற்சி மைதானத்துக்கு வந்து, நிருபர்கள் முன் நின்று, கேம்ப்பெல் மீதும் ஜெனரல் மேனேஜர் ப்ராட் ஹோம்ஸ் மீதும் தனக்கு நம்பிக்கை இருக்கிறது, பொறுமை வேண்டும் என்று சொன்னார். அடுத்த ஞாயிறும் தோற்றார்கள், 1-6. அதற்குப் பிறகு பத்தில் எட்டு ஆட்டம் வென்றார்கள்.

அந்த 2022இல் லீகிலேயே அதிகக் கெஜம் விட்டுக்கொடுத்த டிஃபன்ஸ் எது தெரியுமா? க்ளென்னுடையது. 32இல் 32வது. ஓர் உதவிப் பயிற்சியாளரை நடுவில் மாற்றினார்கள்தான், ஆனால் க்ளென் மீது கை வைக்கவில்லை. சீசனின் கடைசி இரவில், க்ரீன் பேயில், அதே டிஃபன்ஸ் ராட்ஜர்ஸ் எறிந்த பந்தைப் பிடுங்கியது. க்ரீன் பே அணிக்காக அவர் எறிந்த கடைசிப் பந்து அதுவாகவே ஆகிவிட்டது. 2023இல் லயன்ஸ் சூப்பர் பௌலுக்கு ஒரு ஆட்டம் முன்புவரை போனார்கள். 2024இல் 15-2. காயத்தால் டிஃபன்ஸில் ஆள் ஆளாக விழுந்துகொண்டிருந்த வருடம் அது, க்ளென் கிடைத்தவர்களை வைத்துச் சமாளித்தார். அதைப் பார்த்துத்தானே நீங்களும் அவரைக் கூப்பிட்டீர்கள்?

2022 அக்டோபரில் டெட்ராய்ட் நம்மைப் போல நடந்திருந்தால், ஆரன் க்ளென் இன்று ஒரு தோற்ற டிஃபன்ஸ் பொறுப்பாளர். உங்கள் பட்டியலில் அவர் பெயரே இருந்திருக்காது.

அவர் நம் அணியின் தாழ்ந்த நாளையும் உயர்ந்த நாளையும் உடம்பால் அறிந்தவர். 1996இல் 1-15 என்று முடிந்த அணியில் ஆடினார். அடுத்த வருடம் பில் பார்செல்ஸ் வந்து 9-7, அதற்கடுத்த வருடம் 12-4 என்று, சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டமான கான்ஃபரன்ஸ் இறுதிக்கு டென்வர்வரை போன அணியிலும் ஆடினார். ஆடி முடித்த பிறகு இங்கேயே வீரர்களைத் தேடும் வேலையும் பார்த்தார். அவருக்கு இந்த வீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கையில் சாஸ் கார்ட்னரும் காரெட் வில்சனும் இருக்கிறார்கள், 2022இல் டிஃபன்ஸிலும் அஃபன்ஸிலும் ஆண்டின் சிறந்த புதுமுகங்கள் இருவரும் நம்மவர்களே. ப்ரீஸ் ஹால் இருக்கிறார், க்வினன் வில்லியம்ஸ் இருக்கிறார். வெறுங்கையோடு தொடங்கவில்லை. குவாட்டர்பேக் மட்டும்தான் பெரிய கேள்வி. அதற்கு முதல் முயற்சியிலேயே சரியான விடை கிடைக்காமல் போகலாம். இரண்டாவது முயற்சிக்கும் இதே இரண்டு பேர் இருக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். மூன்று சீசன் முழுதாக அவர்களிடம் விடுங்கள். க்ளென்னும் மூகியும் ஒத்துப்போகாத விஷயம் வந்தால், இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுங்கள், ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஒன்று சொல்லி அவர்கள் முடியாது என்று சொன்னால், அதைச் சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருந்ததற்காகச் சந்தோஷப்படுங்கள். வரும் அக்டோபரில் அணி 1-5இல் நின்று, மெட்லைஃபில் கூட்டம் கூச்சல் போடுகிற நாள் வந்தால், ஃப்ளோரம் பார்க் பயிற்சி மைதானத்துக்கு நீங்களே வந்து, ஷீலா ஹேம்ப் சொன்னதைச் சொல்லுங்கள். அந்தக் கூச்சலில் எங்கள் பிள்ளைகளின் குரலும் இருக்கும். அவர்கள் கோபப்படட்டும், அது ரசிகர்களின் உரிமை. நீங்கள் அதைக் கேட்டு அணியைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

முதல் வாய்ப்பு ஏப்ரலிலேயே வருகிறது. டிராஃப்டில் நமக்கு 7வது இடம். அன்றைக்கு அந்த அறையில் நீங்களும் இருங்கள். பெயரை அவர்கள் இருவரும் சொல்லட்டும்.

மரியாதையுடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜெட்ஸ் ரசிகர்